செம்பருத்தி வேலிக்குக் காவல்

குரங்குக்கு மிளகாய் ஆகாது என்று அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். காய்ந்த மிளகாயையும் பூண்டையும் அரைத்து, சோப்புத் தண்ணீரில் கரைத்து, எங்கள் செம்பருத்தி வேலி முழுக்கத் தெளித்தார். குரங்குகள் இரண்டு நாள் யோசித்தன. மூன்றாம் நாள் பெய்த மழை அவற்றுக்கு இலையைக் கழுவியே கொடுத்துவிட்டது. கண் எரிந்து அவதிப்பட்டது நான் மட்டும்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. திருவெறும்பூரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கூடாது, செடி வைத்துக்கொள்ளலாம். தெருவோரமாக, துணி துவைக்கும் கல்வரைக்கும், ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி அடர்ந்து நின்றது. அதுவரை பூப்பறிக்க மட்டும்தான் அதன் பக்கம் போவோம்.

சித்தி வந்த பிறகுதான் வேலிக்கு மவுசு வந்தது. அம்மாவின் தங்கை அவள், ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு மத்தியானம் ஒற்றைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். முழங்கை கன்றிப்போயிருந்தது. "கீழ விழுந்துட்டேன்டி செல்லம்" என்றாள், நம்பினேன். யார் கேட்டாலும் சித்தி இங்கே வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்று அம்மா என் வாயைக் கட்டிப்போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னதைச் செய்" என்பதுதான் பதில்.

சித்தப்பா இரண்டு முறை தேடி வந்தார். இரண்டு முறையும் அப்பா வாசலிலேயே நிறுத்தி, இங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் அவருடைய பைக் அவ்வப்போது எங்கள் தெருவில் மெதுவாக ஊர்ந்து போகும். சித்தி அறையை விட்டு வருவதில்லை. ஆனால் குழாய் வெளியே, துவைக்கிற கல்லடியில். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். தன் துணியை அக்கா துவைக்கக் கூடாது என்று சித்தி பிடிவாதமாக அங்கே போய் நிற்பாள். அந்த நேரத்தில் அவளுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்தது அந்த இலைகள்தான்.

சித்தப்பா என்றால் எனக்கு உயிர். வரும்போதெல்லாம் பால்கோவா, பைக்கில் ஒரு சுற்று. சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவதைப் பார்த்து, அப்பா அவரைத் துரத்திவிட்டதால்தான் அழுகிறாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் பேச்சுவாக்கில் ஒரு வழி சொன்னாள். ஐந்து சனிக்கிழமை குரங்குக்குப் பழம் வைத்தால் ஆஞ்சநேயர் கேட்டதைக் கொடுப்பாராம். யாரிடமாவது சொல்லிவிட்டால் மட்டும் பலிக்காதாம்.

சனிக்கிழமைகளில் அம்மா சந்தைக்குப் போவாள். தட்டும் கரண்டியும் கொடுத்து என்னை வேலிக்குக் காவல் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் காவல்காரி பூவன் பழத்தை உரித்து வேலி மேலேயே வைத்தாள். சித்தப்பா வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். என்ன பக்தி பாருங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த குரங்குகள் தினமும் வர ஆரம்பித்தன. பழம் இல்லாத நாளில் மொட்டைத் தின்றன, தளிரைத் தின்றன, அப்புறம் இலையையும் உருவித் தின்றன. அப்பா பச்சை வலை வாங்கிக் கட்டினார். கிழித்துவிட்டன. அம்மா பழைய சேலைகளைக் கட்டினாள். இழுத்துக்கொண்டு போய்க் கூரை மேல் போட்டன. "எங்கேருந்துதான் வருதோ இந்தச் சனியன்கள்" என்று அம்மா புலம்பினாள். நான் தட்டைத் தட்டிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது சனிக்கிழமை, கல்லுக்கு நேரே வெறும் குச்சிகள்தான் நின்றன.

மறுநாள் காலை அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். தெருவில் பைக் நின்றது. குச்சிகளுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா, இந்தப் பக்கம் பிழிந்த துணியோடு சித்தி.

"இங்க இல்லைன்னாங்க. கிளம்பு" என்றார் அவர்.

அம்மா ஓடிவந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ அப்பா வந்துடட்டும் தம்பி, உக்காந்து பேசிக்கலாம்."

அவர் குரலை உயர்த்தினார். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. சித்தி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். "எல்லாரும் பாக்கறாங்கக்கா. இங்க உங்களுக்குப் பேர் கெட்டுடும். நான் போறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பை எடுக்க உள்ளே போனவளின் பின்னாலேயே ஓடி, பழம் வைத்ததையும் வேண்டிக்கொண்டதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சித்தி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இதை அம்மாகிட்ட சொல்லக் கூடாது. எப்பவுமே சொல்லக் கூடாது, சரியா?"

சொன்னால் பலிக்காதே, அதற்காகத்தான் சொல்கிறாள் என்று பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். பைக் முனை திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றேன்.

தை பிறந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது. சித்தி இறந்துவிட்டாள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்றார்கள் சித்தப்பா வீட்டில். எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை, ஆனால் நம்பாமல் இருந்து மட்டும் என்ன செய்ய முடிந்தது.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. இன்றைக்கும் எங்கே குரங்கைக் கண்டாலும், "பாவிங்க, என் தங்கச்சியக் காட்டிக் குடுத்துடுச்சுங்களே" என்பாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். போனால் என்ன ஆகும் என்று சித்திக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், அந்த அவசரத்தில் ஒரு நிமிஷம் நின்று, அம்மா என்னை வெறுத்துவிடாதபடி பார்த்துக்கொண்டுதான் போனாள். நான் சித்தப்பாவுக்கும் சேர்த்துக் கையசைத்தேன்.