அத்தையின் ஒட்டுக் கார்

ஆழமில்லாத பரவைக்கடல் வற்றிய தரையில் எழும் தூசி வெறும் தூசி அல்ல. உதட்டில் ஒட்டியதும் உப்புக் கரிக்கும், கண்ணுக்குள் போனால் எரியும், ஈரத் துணியால் துடைத்தாலும் தோலில் வெள்ளைக் கோடுகளாக மிஞ்சிக் கிடக்கும். விசுவமடுவிலிருந்து கிழக்கே போனால், மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் அந்த வெளி, மழை பொய்த்த ஆண்டுகளில் ஒரு பற்றைகூட இல்லாமல் சீமெந்து பூசிய முற்றம்போல இறுகிவிடும். நாங்கள் அதைத் 'தரவை' என்போம். எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு கடுங்கோடையில், அந்தத் தரவையில்தான் என் அத்தை தன்னுடைய காரை ஓட்டினார்.

நாங்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். அப்பாவின் தங்கையை நான் 'அத்தை' என்று கூப்பிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் "மாமி எண்டு சொல்லு" என்று திருத்துவார்கள். நான் திருந்தவில்லை. அத்தையின் பெயர் லெட்சுமி. போர்க்கால இடப்பெயர்வுக்கு முன்பே உழவு இயந்திரம் ஓட்டியவர், அது பழுதானால் தானே கழற்றிப் பூட்டியவர். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது எங்களிடம் இருந்தது கொஞ்சத் தகரமும் தறப்பாளும்தான். மற்றவர்கள் வீட்டுக்குக் கூரை தேடி அலைந்த நாட்களில் அத்தை கார் தேடி அலைந்தார்.

மல்லாவியில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால், எஞ்சின் இல்லாத மொறிஸ் மைனர் ஒன்றின் கூடு கோழி அடையும் இடமாகக் கிடந்தது. அதை இரவல் உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் கட்டி இழுத்து வந்தார். எரிந்த வாகனங்களைக் குவித்திருந்த இடமொன்றில், அதேயளவு பழைய வேறொரு காரின் எஞ்சின் தீ படாமல் தப்பியிருந்தது. ஒரு கதவு பச்சை, மற்றக் கதவு சாம்பல் நிறம், எஞ்சினை மூடும் முன்மூடிக்குப் பூட்டு இல்லாததால் நைலோன் கயிறு. ஓராண்டுக்கு மேலாக வேப்பமரத்தின் கீழே கிடந்து உழைத்து அவர் அதை ஓட வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும்தான் அவருடைய எண்ணம். ஆனால் ஊர் அதற்கு 'ஒட்டுக் கார்' என்று பெயர் வைத்தது. "அது நடுவழியில நிக்கும்" என்று சொல்லி ஒருவரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. காரோடு சேர்த்து எங்களையும்தான் அந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது.

அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு விளையாட்டுக் கழகம் தரவையில் பழைய கார்களின் ஓட்டம் ஒன்றை அறிவித்தது. ஒவ்வொரு காராகத் தனியே ஓட வேண்டும். முதலாவது கொடியைக் கடக்கும்போது நேரம் அளக்கும் மணிக்கூட்டின் குமிழை அமத்துவார்கள், கடைசிக் கொடியைக் கடக்கும்போது மறுபடியும் அமத்துவார்கள். எது வேகமாகக் கடந்ததோ அதற்கு வெற்றி. இதையெல்லாம் ஒழுங்கு செய்து மணிக்கூட்டையும் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஊருக்கே 'மாஸ்டர்'. யாழ்ப்பாணத்தில் தமையன் வீட்டில் விட்டிருந்ததால் தப்பிய அவருடைய கறுப்புக் காரை, அவர் தினமும் துடைப்பதைப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார் என்றே தோன்றும்.

பெயர் கொடுக்க அத்தை போனபோது நானும் கூடப் போனேன்.

"லெட்சுமி, இது அசல் கார்களுக்கு மட்டும்," என்றார் மாஸ்டர். "உன்ர காருக்கு உடம்பு ஒண்டு, எஞ்சின் வேறொண்டு. அதை என்ன கார் எண்டு நான் பதியிறது?"

"மாஸ்டர், உங்கட வீட்டு யன்னல் எந்த வீட்டு யன்னல்?" என்று அத்தை கேட்டார். இடிந்த கட்டடங்களிலிருந்து எடுத்த கதவும் யன்னலும் தகரமும் பொருத்தாத வீடு அன்று எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை. "ஒட்டு மாங்காய் எண்டா மட்டும் தேடி வாங்கித் தின்னுறியள். கார் எண்டா அசல் வேணுமோ?"

அங்கிருந்த இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "ஏலாது எண்டா ஏலாதுதான்," என்று உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு அப்பா அத்தையைத் தடுத்துப் பார்த்தார். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? அத்தனை சனத்துக்கு முன்னால வண்டி நின்னுபோச்சுன்னா அப்புறம் எவன் உன் வண்டியில ஏறுவான்?" அப்பாவின் பேச்சு கடைசிவரை தோட்டத்துப் பேச்சாகவே இருந்தது.

"இப்பவும் ஒருத்தரும் ஏறேல்லத்தானே அண்ணே," என்றார் அத்தை.

போட்டி நாளில் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கார்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் வெண்புழுதியை வால்போல இழுத்துக்கொண்டு ஓடி முடிந்தது. கழகத்து இளைஞன் ஒருவன் ஓட்டிய மாஸ்டரின் கறுப்புக் கார்தான் முதலிடம். பரிசு கொடுக்கக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பச்சைக் கதவும் சாம்பல் கதவுமாக எங்கள் கார் தொடக்கக் கோட்டுக்கு வந்து நின்றது. பாரம் குறையட்டும் என்று அத்தை பின் ஆசனத்தைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. புறப்பட்டுவிட்டார்.

அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் சொல்லால் சொல்ல முடியவில்லை. பாதித் தூரத்தில் கயிறு அறுந்து முன்மூடி பறந்துபோய் விழுந்தது. சனம் கூவென்று சிரித்தது. அம்மா என் கையை நோகப் பிடித்தார். கார் நிற்கவில்லை, கோணவுமில்லை; கடைசிக் கொடியைத் தாண்டி, புழுதிக்குள் மறைந்து, மறுபடி வெளியே வந்தது. எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மணிக்கூட்டை அமத்தவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை காரை அவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டாமலே தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் உப்பு.

"நீங்கள் அமத்துற வரைக்கும் ஓடுவன், மாஸ்டர்."

இரண்டாவது தடவையும் ஓடினார். மாஸ்டர் அசையவில்லை. மூன்றாவது தடவை கோட்டுக்குத் திரும்பியபோது எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது, எரிந்த எண்ணெய் நாறியது. அப்போது சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "அமத்துங்கோ மாஸ்டர்!" பிறகு இன்னொன்று. பிறகு பெண்களின் பக்கம் முழுவதும். சற்றுமுன் சிரித்த இளைஞர்களும் சேர்ந்து கத்தினார்கள். அப்பா, வம்பே வேண்டாம் என்ற என் அப்பா, கதிரையொன்றில் ஏறி நின்று கத்தினார்.

மாஸ்டர் மணிக்கூட்டை எடுத்தார்.

எஞ்சின் கொதித்துப்போயிருந்ததால் அந்த மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட மெதுவாகத்தான் இருந்தது. அத்தைக்கு மூன்றாமிடம். முதல் ஓட்டத்தை அமத்தியிருந்தால் கறுப்புக் கார் தோற்றிருக்கும் என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. மாஸ்டர் கரும்பலகையில் 'லெட்சுமி' என்று எழுதி, பக்கத்தில் 'ஒட்டுக் கார்' என்றும் எழுதினார். அழிக்கச் சொல்லி அப்பா பாய்ந்தார். அத்தை அவருடைய தோளில் கைவைத்துத் தடுத்தார்.

"இருக்கட்டும் அண்ணே. ஓடினது ஒட்டுக் கார்தான். எல்லாரும் வாசிக்கட்டும்."

அடுத்த வாரம் இரண்டு தாய்மார் வந்து, தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் காரில் இடம் போதாமல் போயிற்று.

இன்று தரவையைச் சுற்றி முள்வேலி. உள்ளே இறால் வளர்க்கிறார்கள். பழைய கார்களைக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொன்றாக வாங்கிப் போய்விட்டார்கள். மாஸ்டர் காலமானபின் அவருடைய கறுப்புக் காரும் லொறியேறிப் போனது. எங்கள் காரை அத்தை தானே பழைய இரும்புக்குப் போட்டார். கேள்விப்பட்டு நான் வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்து அவரோடு சண்டை பிடித்தேன். ஒரு கதவையாவது வைத்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

"கார் போனா என்ன? நான் இருக்கிறன்தானே," என்றார் அத்தை. சொல்லிவிட்டு வெளியே போய் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றவென்று வாங்கியிருந்த வான் வண்டியின் கதவை இழுத்துத் திறந்து, மழைக்குச் சேறாகிய ஒழுங்கையைப் பார்த்து நீளமாக ஹோர்ன் அடித்தார். வீடுகளிலிருந்து பிள்ளைகள் புத்தகப் பைகளோடு ஓடி வந்தார்கள்.