பாட்டுக்குக் கீழே ஒரு பாட்டு

ஆறு தையல் எந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த அறை அது. அந்த இரைச்சலுக்குள் யாரோ பாட்டு முனகுவது கேட்டது. ஊரெல்லாம் அப்போது ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டின் தாளம். ஆனால் மெட்டு வேறாக இருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மாதிரியாக அனுப்ப வேண்டிய குழந்தைச் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். முனகியது ஜன்னலோர எந்திரத்தில் இருந்த சாம்பிள் டெய்லர். என்ன பாட்டுங்க்கா என்று கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அதே பாட்டுதான் மேடம். மேல போறத எல்லாரும் பாடுதாங்க. இது அதுக்குக் கீழ போறது."

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். நாலாவது முறைதான் பிடிபட்டது. பாடகியின் குரலுக்கு அடியில் வயலின்கள் தமக்கென்று ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தன. நூறு தடவை கேட்ட பாட்டுக்குள் இன்னொரு பாட்டு அத்தனை நாளும் இருந்திருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கொமரலிங்கத்தில் ஆற்றங்கரை வயலும் ரேடியோவுமாக வளர்ந்தவள், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். இங்கே யாரும் எதையும் தடுக்கவில்லை. டிவி நாளெல்லாம் ஓடும், யாரும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு நாவலைப் படித்து முடித்துவிட்டு மனசு பொங்கி நின்றால், சொல்வதற்கு வீட்டில் ஆளில்லை. பொழுது போகட்டும் என்று கம்பெனியின் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். அங்கேதான் அந்த அக்காவைக் கண்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். சர்ச் பாடகர் குழுவில் ஏழு வருடமாக, முதல் குரலுக்கு அடியில் போகும் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம் எங்களுடையதாயிற்று. அவருடைய போனில் இல்லாத இசை கிடையாது. ஞானப்பாட்டு, கோயில் நாதஸ்வரம், யாரோ ஒரு வெள்ளைக்காரர் தனியாக வாசிக்கும் செல்லோ, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கம்பெனியில் வேலை பார்த்த பீகார்ப் பையன்களிடம் கேட்டு வாங்கிய போஜ்புரி நாட்டுப்பாட்டுகூட ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு இயர்போனைக் காதில் வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து உடுக்கைப் பாட்டை நான் பதிவு செய்துகொண்டுவந்து போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் பிசைந்த சோற்றை மறந்துவிட்டார். "ஏட்டி, அழுகைய இப்படித் தாளத்துல கட்டி வச்சிருக்காங்களே!" என்றார். அவர் ஊரில் தோழியைக் கூப்பிடும் அந்த 'ஏட்டி' வாய் தவறி வந்தது. வந்தபிறகு போகவில்லை. மற்றவர்கள் முன்னால் நான் மேடம், தனியாக இருந்தால் ஏட்டி.

நான் புத்தகங்கள் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர், ரஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பத்தே நாளில் படித்து முடித்தார். பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை என்று ஆளுக்கொரு திருநெல்வேலிப் பெயர் வைத்துக்கொண்டார். இன்னொரு எழுத்தாளரைப் பற்றி, "நல்லாத்தான் எழுதுதாரு, மூச்சு விட எடம் குடுக்க மாட்டேங்காரு" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் அந்த எழுத்தாளரைப் பற்றிப் படித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஒன்றாகப் போனோம். படத்தில் அம்மா சாகிற கட்டத்தில் தியேட்டரே விசும்பியது. அக்கா என் முழங்கையைப் பிடித்து, "இசைய நிறுத்திட்டான் கவனிச்சியா? அதான் இந்த அழுகை" என்றார். நான் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு நான் கேட்டவை, பார்த்தவை, படித்தவை எல்லாவற்றிலும் இப்படி அவருடைய விரல் என் முழங்கையில் இருந்தது.

டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் ஒரு கீர்த்தனையின் நடுவே மற்றக் குரல்கள் எல்லாம் நின்றுவிட, இரண்டாம் குரல் மட்டும் நாலு வரி தனியாகப் பாட வேண்டும். அதை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். "ஏழு வருஷமா கீழயே பாடிட்டேன். நாலு வரி நான் மட்டும். நீ வந்துருவேல்லா?" என்று கேட்டார். வர்றேனுங்க்கா என்றேன். என் மாமியாரிடம் தயங்கிக்கொண்டே சொன்னபோது, "போறதுன்னாப் போயிட்டு வா கண்ணு, அதுக்கென்ன?" என்றார். அதனால் அவர்மீது பழி போடவும் எனக்கு வழியில்லை.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நானே காரை ஓட்டிப் போனேன். சர்ச் வாசலில் நட்சத்திர விளக்குகள். எங்கள் கம்பெனிக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர், கட்டிங் மாஸ்டரின் குடும்பம். எல்லாரும் புதுத்துணியில் வேறு மனிதர்களாகத் தெரிந்தார்கள். உள்ளே போனால் அவர்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். சாம்பிள் அறையில் அக்காவோடு உட்காரும்போது அது என் கம்பெனி, என் நாற்காலி. நானாக இறங்கிவந்து உட்கார்ந்ததாக ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. அதை அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி வீட்டு அம்மாவுக்கு டெய்லரிடம் என்ன ஒட்டுதல் என்று திங்கட்கிழமை பேசுவார்களே என்று கூசியது. இஞ்சினை நிறுத்தாமலே இருந்தேன். அப்போது பக்கவாட்டுக் கதவில் வெள்ளைச் சேலையில் அக்கா வந்து நின்று தெருவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் என்னையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். நான் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அது மட்டும் என்றால்கூட மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை நான் அவரிடம் போய், "காய்ச்சலுங்க்கா, வர முடியலை" என்றேன். என்னைக் காரில் பார்த்தார் என்று தெரிந்தே சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தார். "ஒடம்பப் பாத்துக்கோங்க மேடம்" என்றார். அறையில் அப்போது வேறு யாரும் இல்லை.

அதன்பிறகும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வேலையில் ஒரு குறை கிடையாது. மதியம் மட்டும் மற்ற டெய்லர்களோடு சாப்பிடப் போய்விட்டார். மே மாதம் தன் மாமியாருக்கு முடியவில்லை என்று குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். நான் கொடுத்திருந்த ஏழு புத்தகங்களையும் பனியன் துணியில் அழகாகச் சுற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். எந்தப் பக்கத்திலாவது ஒரு துண்டுச் சீட்டு இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றுமில்லை.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. நான் இப்போது கச்சேரிக்கும் நாடகத்துக்கும் திரைப்பட விழாவுக்கும் தனியாகவே போகிறேன். நல்ல இடம் வரும்போதெல்லாம் சொல்வதற்கு வாய் திறந்து, மூடிக்கொள்கிறேன். போன மாதம் நூல் மில் வேலையாகக் கோவில்பட்டி போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கட்டிங் மாஸ்டரிடம் வாங்கிவைத்திருந்த அக்காவின் விலாசத்துக்கு வண்டியை விட்டேன்.

சிறிய தையல் கடை, பின்னாலேயே வீடு. அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. "வாங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி மகளை அனுப்பினார். பிள்ளைகள் படிப்பைப் பேசினோம், நூல் விலையைப் பேசினோம். மேஜைமேல் தடிமனான நாவல் ஒன்று பாதியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "எங்க கொயர்ல கீபோர்டு வாசிக்குற டீச்சர் குடுத்தது" என்றார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நான் சொன்னேன்: "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லீங்க்கா."

"தெரியும் மேடம்."

தைத்துக்கொண்டிருந்த துணியின் ஓரத்தை நீவிவிட்டார். "அன்னைக்கு நல்லாப் பாடுனேன்" என்றார். "கோவத்துல பாட்டு கெட்டுரும்னு நெனச்சேன், இல்ல. நல்லாவே வந்துச்சு. பெறகு அந்த மாதிரி வரல." பிறகு எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, "நாளைக்கு ஆராதனையில பாட்டு இருக்கு. இருந்துட்டுப் போங்களேன்" என்றார்.

இருந்தேன். மறுநாள் காலை கடைசிக்கு முந்தின பெஞ்சில், முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அவர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அக்காதான் குழுவை நடத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றதால் கைகள் மட்டும் தெரிந்தன. இருபது பேர் பாடினார்கள். மேலே போன குரல்களை விட்டுவிட்டு அடியில் போனதை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனேன். ஓரிடத்தில் அது மேல் குரலை உரசுவதுபோல வந்து விலகியது, உடம்பு சிலிர்த்துவிட்டது. பாட்டு முடிந்து கைகள் தாழ்ந்ததும் அக்கா சட்டென்று இடப்பக்கம் திரும்பி, கீபோர்டில் இருந்த டீச்சரைப் பார்த்தார். கேட்டியா, அந்த இடத்தைக் கேட்டியா என்கிற பார்வை. டீச்சர் கேட்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.