லீடர் யாரிடம்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். மே மாதம், தெருக்களில் வெசாக் பண்டிகையின் காகித விளக்குக் கூடுகள் தொங்கத் தொடங்கியிருந்த நேரம். நுவரெலியாவில் மீன் பிடித்துவிட்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு வான் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவரைச் சேர்க்காமல் மூன்று பேர். நான், என் மனைவியின் தம்பி, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் நண்பர். நண்பர் கொழும்பில், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர். சிங்களம் அவருக்குத் தமிழைப் போல வரும். என் மைத்துனரையும் சிங்கள முறையில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். மைத்துனர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருந்தது.

நுவரெலியாவின் குளிர் ஓடைகளில் ட்ரவுட் என்றொரு மீன் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்டது. புழுவைக் கொழுவி அதைப் பிடிப்பதில்லை. இறகும் நூலும் மெல்லிய செப்புக் கம்பியும் சுற்றிச் செய்த பொய் ஈயைத் தண்ணீரின் மேல் மெதுவாக விழுத்தி ஏமாற்ற வேண்டும். மைத்துனர் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்தபோது இதைப் பழகியிருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை எங்களையும் இழுத்துக்கொண்டு போவார். அந்த முறை கிடைத்தது ஒன்பது மீன். ஏழு அவருடையது, இரண்டு நண்பருடையது. எனக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை.

"அத்தான், நீங்கள் மீனைப் பிடிக்கிறியளோ, அடிக்கிறியளோ?" என்று மைத்துனர் கேட்டார்.

"ஐசே, உம்மட ஈயைப் பார்த்து மீன் சிரிக்குது," என்றார் நண்பர்.

இனி நடந்தது விளங்க வேண்டுமானால் ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தூண்டிலில் கயிறு தடிப்பானது. அதன் நுனியில் மெல்லிய நைலோன் நரம்பொன்றைக் கட்டி, அதில்தான் ஈயை முடிவார்கள். ஊரில் எல்லோரும் அந்த நரம்பைத் தங்கூசி என்பார்கள். சிங்களத்திலும் தங்குஸ்தான். ஆனால் ஆங்கிலப் புத்தகம் பார்த்துப் பழகியவர்கள் அதை லீடர் என்பார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். மைத்துனரின் அண்ணன் கனடாவில் இருந்தார். அங்கே கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பி ஏறும் ஸ்டீல்ஹெட் என்ற பெரிய ட்ரவுட்டை அவர் பிடிப்பாராம். அவர் அனுப்பிய லீடர் பாக்கெட்டுகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மைத்துனர் அதைத் தங்கம்போலக் காத்தார்.

கிருலப்பனைக்குச் சற்று முன்னால் ஒரு சோதனைச்சாவடி. வழியில் நான் எண்ணி வந்ததில் அது எட்டாவது. எல்லோரும் இறங்கி, அவரவர் பையோடு வரிசையில் நடந்து போக வேண்டும். நல்ல பகல் வெளிச்சம். முன்னால் நான், நடுவில் நண்பர், எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் தள்ளி மைத்துனர். பையைத் திறக்கப் போகிறார்கள், பாக்கெட் கசங்கிவிடும் என்று அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அது எங்களில் யாருடைய பைக்குள் போனதென்று தெரியாமல் அங்கிருந்தே கூப்பிட்டுக் கேட்டார்.

"லீடர் ஆரிட்ட?"

நண்பர் திரும்பிப் பார்க்காமலே பகிடி விட்டார். "லீடர் என்னட்டப் பத்திரமா இருக்கிறார், மல்லி. நீர் பயப்பிடாம வாரும்."

இருக்கிறார் என்றார். இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட ஒருவேளை தப்பியிருப்போம். அந்த நாட்களில் தமிழர் வாயில் லீடர் என்று வந்தால் காவலில் நிற்பவர்களுக்கு அது ஒரே ஆள்தான், புலிகளின் தலைவர்.

மேசைக்குப் பக்கத்தில் தமிழ் கொஞ்சம் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். அவர் கையை உயர்த்தியதும் வரிசை நின்றது. "லீடர் கவுத?" என்று கேட்டார். லீடர் யார் என்று.

 நண்பர் பையைக் கவிழ்த்துப் பாக்கெட்டை எடுத்துக் காட்டி, "தங்குஸ், மாத்தயா, மாளு அல்லன தங்குஸ்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மீன் பிடிக்கிற தங்கூசி ஐயா என்று. ஒரு சிப்பாய் நரம்பை விரலில் சுற்றிப் பார்த்துச் சிரித்தே விட்டான். தங்குஸ்தான் என்று மற்றவனிடமும் சொன்னான். நான் மூச்சு விட்டேன். அதற்குள் மைத்துனரின் பையிலிருந்து செப்புக் கம்பிச் சுருளை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஈயின் உடம்புக்குச் சுற்றுகிற கம்பி, அவர்களுக்குக் குண்டுக்கான கம்பி. பிறகு அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பகிடி விட்டவரைப் போகச் சொன்னார்கள். கேள்வி கேட்ட மைத்துனரை ஜீப்பில் ஏற்றினார்கள். "சின்ன விசாரணைதான், பின்னேரம் விட்டுவிடுவோம்," என்றார் பொலிஸ்காரர். அவர் அதைப் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பின்னேரம் விடவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அறியவே நிறைய அலைந்தோம். போன இடமெல்லாம் நண்பர் கூட வந்தார், எங்களுக்காகச் சிங்களத்தில் கதைத்தார். ஓரிடத்தில் ஓர் அதிகாரி, நாங்கள் காட்டக் கொண்டுபோன அந்த நரம்பை வாங்கி, இரண்டு கையாலும் இழுத்து அறுத்தார். "இதுவா உங்கட லீடர்?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். நரம்பென்று தனக்கு விளங்குகிறது, ஆனால் அறிக்கையில் லீடர் என்று எழுதியாகிவிட்டது, அது மேலே போய்விட்டது, இனித் தன் கையில் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து அதிகாரி சொன்னதைச் சொன்னபோது என் மனைவி அழவில்லை. "நான் அவனை மீன் பிடிக்கத்தானே அனுப்பினனான்," என்று மட்டும் சொன்னாள். நண்பர் வாசலிலேயே நின்றார். "உள்ளுக்கு வாங்கோ," என்று அவள் கூப்பிட்டும் வரவில்லை.

தீபாவளி கழிந்த பிறகுதான் விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. மைத்துனர் மெலிந்து வந்தார். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடவில்லை. என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பிடும்போது சோறு விரலிடுக்கால் கொட்டும். என் மனைவி அதைப் பார்க்காத மாதிரி எழுந்து குசினிக்குள் போவாள். நண்பர் ஒருநாள் வந்து மைத்துனர் முன்னால் இருந்தார். "மல்லி, நான் சும்மா பகிடிக்கு..." என்று தொடங்கினார். "தெரியும் அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றார் மைத்துனர். 

பிறகு அவர் கனடாவுக்கு அண்ணனிடம் போய்விட்டார். ஒரு தடவை தொலைபேசியில், அங்கே ஆற்றுக்குப் போவதுண்டா என்று கேட்டேன்.

"ஓம் அத்தான். அண்ணன் ஸ்டீல்ஹெட் காலத்தில கூட்டிக்கொண்டு போறவர். நான் காருக்குள்ள இருக்கிறனான்."

போர் முடிந்து கனகாலமாகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸிலோ வங்கி வரிசையிலோ நிற்கும்போது, ஒரு சொல்லைச் சொல்லுமுன் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று தலைகளை எண்ணிப் பார்க்கிறேன், எண்ணி முடிப்பதற்குள் சொல்ல வந்ததைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறேன்.