மரேனாவை அணைத்த நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பின்வளவில் நின்று படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். செப்டெம்பர் மாதம். பூமியின் தெற்கில் கிடக்கும் ஓக்லாந்தில் குளிர் போவதா நிற்பதா என்று யோசிக்கிற காலம். புறநகரான பாபடோயிட்டோயில் அந்த வீட்டை நாங்கள் வாடகைக்கு எடுத்து அதிக நாள் ஆகவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வீடு எரிந்துபோன பிறகு, கணவரின் பழைய நண்பர் ஒருவர் அலைந்து திரிந்து விசா எடுத்துத் தந்ததால் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். கணவருக்கு விமான நிலையத்தடியில் ஒரு பட்டறையில் வேலை. எனக்கு மனுரேவாவில் ஒரு தையல் தொழிற்சாலையில்.

பக்கத்து வீட்டில் அறுபதை நெருங்கிய ஒரு தம்பதி. அவர் உக்ரேனியர், மனைவி போலந்துக்காரி. இரண்டாம் உலகப் போர் முடிந்து அகதி முகாமில் சந்தித்துக் கலியாணம் செய்து இந்த நாட்டுக்குக் கப்பலேறியவர்கள். அந்த அம்மாவும் நான் வேலை செய்த இடத்தில்தான் உடுப்பு மடித்துப் பெட்டியில் அடுக்குவார். காலையில் தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். கணவர் போகமாட்டார். "அவருக்குப் பழைய மதம்" என்று ஒருநாள் காரில் சொன்னார், "அவருக்குப் பிரஷர்" என்று சொல்கிற மாதிரி. அதுவும் ஏதோ ஒரு கிறிஸ்தவ சபை என்றுதான் நான் நினைத்தேன். அவர்கள் வளவில் பிளம் மரத்தடியில் ஒரு மரத்தூண் நட்டிருந்தது. அதில் நான்கு பக்கமும் நான்கு முகங்கள் செதுக்கியிருந்தன. எனக்குப் பிரம்மா நினைவு வந்தது. ஆனால் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பக்கத்து வளவில் பாட்டுச் சத்தம் கேட்டது. விரிப்பை விலக்கிப் பார்த்தேன். வேலி இடுப்பளவுதான். பூவேலை செய்த சட்டை போட்ட ஆண்களும் ஓரிரு பெண்களுமாகச் சின்னக் கூட்டம். நடுவில் ஒரு பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக் கவுன், கழுத்தில் சிவப்பு மணிமாலை, தோளில் விழுந்த மஞ்சள் தலைமுடி. பிளம் மரத்தைத் தாண்டி அவளைப் புல்லில் நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்தார். கவுனின் விளிம்பு பற்றிக்கொண்டது.

வைக்கோல் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் மூக்கில்லை, வாயில்லை என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். நான் கண்டது எரிகிற ஒரு பெண்ணை. சுற்றி நின்று பாடுகிற ஆட்களை. கொழும்பில் எங்களை ஒளித்து வைத்திருந்த சிங்களக் குடும்பத்தின் மேல்மாடி யன்னலில் இருந்தும் இப்படித்தான் ஒரு கூட்டம் வட்டமாக நின்றதைக் கண்டேன். அவர்கள் எதைச் சுற்றி நின்றார்கள் என்பதையும் கண்டேன். அன்று கணவரின் கை என் வாயைப் பொத்தியிருந்தது.

வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. கையில் நனைந்த விரிப்பு இருந்தது. அதை அவள்மேல் போர்த்தி, இறுக்கிக் கட்டிப்பிடித்து, அவளோடு புல்லில் விழுந்து உருண்டேன். "தண்ணி கொண்டு வாங்கோ, தண்ணி கொண்டு வாங்கோ" என்று நான் தமிழில் கத்திக்கொண்டே இருந்தேனாம். அந்தக் குரல் கேட்டுத்தான் கணவர் ஓடி வந்தாராம்.

புகை அடங்கியபோது தலை கழன்று என் கையோடு வந்தது. ஒரு துணிப்பை. உள்ளே வைக்கோல். கரியால் கீறிய இரண்டு கண்கள். பக்கத்தில் வந்து நின்ற சப்பாத்துகள் ஒன்றும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது.

அந்த அம்மா என்னைத் தூக்கிக் குசினிக்குக் கூட்டிப்போய், வெந்துபோன முன்னங்கையைக் குழாய்க்குக் கீழே பிடித்தார். போலிஷ் மொழியில் தன் கணவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் வாசலில் நின்று, எங்கள் இருவருக்குமே அரைகுறையாக வந்த ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தார். அது மரேனாவாம். குளிர்காலம், சாவு, இரண்டும் அவள்தானாம். வசந்தம் வரும்போது அவளை எரித்துத் தண்ணீரில் விட்டால்தான் நிலம் விழிக்குமாம். தேவாலயம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம், பிறகு ஊரில் பிள்ளைகளின் விளையாட்டாகச் சுருங்கிப்போனதாம். கனடாவிலிருந்து தபாலில் வரும் சஞ்சிகைகளை வாசித்து, அது விளையாட்டில்லை, தன் முன்னோர் கும்பிட்ட கும்பிடு என்று அவர் தீர்மானித்திருக்கிறார். இடி முழங்கும் பெருனையும், சூரியனான தாஷ்போக்கையும் அவர் கும்பிட்டார். அப்படி நினைக்கிறவர்கள் ஓக்லாந்தில் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் அளவுக்குத்தான் இருந்தார்கள்.

அப்போது மெல்பேர்னிலிருந்து வந்திருந்த விருந்தாளி ஒருவர் குசினிக்குள் வந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை. நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றோ என்னவோ ஆங்கிலத்திலேயே பேசினார். சடங்கு கெட்டுப்போனது, திரும்பச் செய்ய வேண்டும், அதுவரை இந்தப் பெண் வளவுப் பக்கம் வரக் கூடாது என்றார்.

"இது இரத்தத்தில் வாற மதம். அந்நியர் தொட்டால் அழியும்."

எனக்குக் கை எரிந்தது நின்றுபோன மாதிரி இருந்தது. வேறு இரத்தம் என்ற சொல்லால்தான் நாங்கள் வீட்டையும் ஊரையும் விட்டு வந்தோம். உலகத்தின் இந்தக் கடைசி மூலையில், ஒரு குசினிக்குள், தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில், அதே சொல் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கணவர் என் தோளைத் தொட்டு, "இஞ்சரும், எழும்பும். வீட்டை போவம்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார். எங்களை அல்ல, விருந்தாளியைத்தான் பார்த்து அவரும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"ஒரு பொம்பிளை எரியிறாள் எண்டு நினைச்சு இவள் நெருப்புக்குள்ள பாய்ஞ்சவள். நீயும் நானும் பாட்டுப் பாடிக்கொண்டு நிண்டம். என்ர வீட்டை விட்டுப் போ."

விருந்தாளி போனார். அவரோடு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கார்க் கதவுகள் அடிபடுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அவர் என்னிடம் கேட்டார், யாரை நினைத்து ஓடி வந்தாய் என்று. நான் சொன்னேன். யன்னலையும், தெருவையும், அந்தப் பெண்ணின் பச்சைச் சேலையையும். கணவருக்குக்கூட அந்தச் சேலையின் நிறத்தை நான் சொன்னதில்லை.

அவர் குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். போர்க்காலத்தில், அவருக்குப் பதினாறு வயதிருக்கும்போது, படையினர் ஊர்ச்சனத்தைத் தேவாலயத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்டி நெருப்பு வைத்தார்கள். அவர் வயலில் படுத்துக் கிடந்தார். தாய் உள்ளே. தங்கச்சியும் உள்ளே.

"அதுக்குப் பிறகு கதவு உள்ள எந்தக் கோயிலுக்குள்ளயும் என்னால கும்பிட ஏலாது. வெளியில நிண்டுதான் கும்பிடலாம். வெளியில நிக்கிற சாமி இதுதான்."

அந்த அம்மாவின் கையில் என் புண்ணுக்குச் சுற்ற எடுத்த துணி இருந்தது. அது அந்தரத்திலேயே நின்றது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர். ஞாயிறு தோறும் தேவாலயத்துக்கு வரச்சொல்லிச் சண்டை பிடித்தவர். அவருக்கும் இது அன்றைக்குத்தான் தெரிந்தது. "அவர்கள் சுரத்தில் செத்ததாகச் சொன்னாய்" என்று ஆங்கிலத்தில், எங்களுக்கு முன்னால், மெதுவாகச் சொன்னார். துணியை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா போய்க் கணவரின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தோம்.

இரவு கணவரும் நானும் சாப்பிட்டோம், படுத்தோம். அடுத்த நாள் காலை அம்மா வழக்கம்போல வாசலில் வந்து ஹோர்ன் அடித்தார். கண் வீங்கியிருந்தது. மனுரேவா வரைக்கும், கியர் மாற்றாத நேரமெல்லாம் அவர் இடது கை என் மடியில் இருந்தது.

அந்தக் கூட்டம் பிறகு கூடவே இல்லை. விருந்தாளி மெல்பேர்னிலிருந்து ஆட்களிடம் ஏதேதோ சொன்னாராம். தன் மொழியில் சாமியைக் கூப்பிட இருந்த ஒன்றிரண்டு பேரையும் பக்கத்து வீட்டுக்காரர் எனக்காக இழந்தார். அதை அவர் ஒருநாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. தையல் வேலையில் என் கைத்தழும்பைப் பார்த்து யாரும் கேட்டால் அடுப்பில் சுட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் குளிர் குறையத் தொடங்கியபோது அவர் வேலியடிக்கு வந்து கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொம்மை விடப் போகிறேன், நெருப்பில்லை, தண்ணீர் மட்டும்தான், முன்கூட்டியே சொல்கிறேன், பயப்படாதே என்றார். பொம்மைக்கு உடுப்பும் போடவில்லையாம். நானும் வரலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே விளங்கியது.

வளவின் முடிவில் ஓடும் ஓடைக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவர் கணவர் தன் மொழியில் தனியாகப் பாடினார். பொம்மையை எறிந்துவிட்டு, இனி யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவள் கூடவே வருவாள் என்றார். நடந்தோம். நான் திரும்பிப் பார்த்தேன்.

அது கடலோடு சேர்ந்த ஓடை. கடல் இறங்கிய நேரம், கரையோரத்தில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. மரேனா கண்டல் மர வேர்களுக்கு நடுவில் சேற்றில் நிமிர்ந்து நின்றாள். நான் நின்றதைக் கண்டு பாடியவரும் திரும்பினார். பிறகு மற்ற இருவரும்.

"இஞ்சத்தை கடலுக்கு உங்கட சடங்கு தெரியாது போல" என்றார் என் கணவர்.

பக்கத்து வீட்டுக்காரர் கொட்டிலுக்குப் போய் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து, முழங்கால் அளவு சேற்றுக்குள் இறங்கினார். கணவரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார். இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவளைத் தண்ணீர் ஓடுகிற இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.