சதுப்பு நிலத்தில் கேட்ட கலியாணச் செய்தி

மகள் வேலை கிடைத்துச் சுவீடனுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு கோடைகால முடிவில், வந்து தன்னோடு சில நாள் நிற்கும்படி கூப்பிட்டாள். பெரிய காடு ஒன்று இருக்கிறதாம், நடுவில் சதுப்பு நிலமாம், பகல் முழுக்க நடக்கலாமாம். காட்டுக்குள் நடப்பது எனக்கு ஒருநாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. கடைசியாக நான் காட்டுக்குள் நடந்தது சண்டை நேரம் வன்னியில் இடம்பெயர்ந்தபோதுதான். ஆனாலும் பிள்ளை கூப்பிட்டதும் எங்களுக்குக் கிட்டவுள்ள இல்ஃபோர்டுக் கடைத்தெருவுக்குப் போய்க் கணுக்கால் மூடுகிற சப்பாத்து ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு செவன் கிங்ஸ் பார்க்கைத் தினமும் சுற்றி வந்து பழகினேன். கணவர் லீவு இல்லையென்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற எனக்கு விடுமுறைக்காலம். அதனால் தனியாகவே போனேன்.

அவளுக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடு பழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், அவனை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள். நண்டுக்கறியைக் கையால் உடைத்துச் சாப்பிட்டான். எனக்குள் ஒரு பொருமல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் போன பிறகு நானே எங்கள் பங்குக் குருவான சுவாமியைத் தனியாகச் சந்தித்து, இப்படியான கலியாணத்தைக் கோயிலில் வைக்கலாமா என்று கேட்டேன். மேற்றிராணியாரின், அதுதான் பிஷப்பின், அனுமதி எடுத்தால் வைக்கலாம் என்றார். அதோடு என் மனம் அடங்கிவிட்டது. மகள் தானாக வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

காட்டுக்கு நாங்கள் நால்வர் போனோம். மகள், அந்தப் பெடியன், அவனுடைய தாய், நான். தாய் என் வயதுக்காரி. ஓய்வுபெற்ற தாதி. எனக்கும் அவவுக்கும் இங்கிலீஷ் இரண்டாவது மொழி என்பதால் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினோம், நன்றாக விளங்கியது. பைன் மரங்களுக்குக் கீழே நிலம் முழுக்கப் பாசி, கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கியது. அவ வழியெல்லாம் குனிந்து நீலப் பழங்களை ஆய்ந்து என் உள்ளங்கையில் போட்டா. புளிப்பும் இனிப்புமாக இருந்தன. நல்ல மனுசி என்றுதான் நினைத்தேன்.

காடு முடிந்த இடத்தில் சதுப்பு நிலம் தொடங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளும் செம்மண் நிறமுமாகப் புல். இடையிடையே கறுத்த நீர்க்குட்டைகள். அதன் மேல் இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்த ஒடுக்கமான பாதை ஒன்று நேராகப் போனது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். இளசுகள் முன்னால் போய்விட்டார்கள். தூரத்தில் நெடிய கால்களுள்ள சாம்பல் நிறப் பறவைகள் சோடியாக நின்று கத்தின. வழியில் இளைப்பாறுவதற்குப் போட்டிருந்த ஒரு மர வாங்கில் நானும் அவவும் உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தபடி அவ சொன்னா, ஏப்ரலில் நான் வரமுடியாமல் போனது தங்களுக்கெல்லாம் பெரிய கவலை என்று. எனக்கு விளங்கவில்லை. ஏப்ரலில் என்ன என்று கேட்டேன்.

கலியாணம் என்றா.

நான் கேட்டதைப் பகிடி என்று நினைத்திருக்கவேண்டும். சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம் காட்டினா. நகர மண்டபத்துப் படிக்கட்டு. பெடியன் கோட்டுப் போட்டிருக்கிறான். பக்கத்தில் என் மகள், என்னுடைய மாம்பழ நிறப் பட்டுச்சேலையில். அப்டன் பார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கி நான் எடுத்த சேலை அது. சிநேகிதியின் கலியாணத்துக்குக் கட்டவேண்டும் என்று நத்தாருக்கு வந்தபோது என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கொசுவம் ஒரு பக்கமாகச் சரிந்து, தோளில் மடிப்பு நிற்காமல் கிடந்தது. ஊசி குத்திவிட ஒரு ஆள் இல்லை. அந்தப் படத்தில் என் கண் முதலில் போனது அங்கேதான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது.

என் முகத்தைப் பார்த்து அவவுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, எனக்கு உடம்பு சரியில்லாததால் வரமுடியவில்லை என்றுதான் தங்களுக்குச் சொன்னதாகச் சொன்னா. நான் கோப்பிக் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். மகள் நின்று எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்ப எனக்குச் சொல்ல இருந்தனீ?"

அவள் எனக்குப் பின்னால் அந்தத் தாயைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். "இண்டைக்கு வீட்ட போய்ச் சொல்லத்தான் இருந்தனான். அதுக்குத்தான், அம்மா, உங்களைக் கூப்பிட்டது."

"கலியாணத்துக்குக் கூப்பிடேல்ல. காடு பார்க்கக் கூப்பிட்டிருக்கிறாய்."

"நீங்கள் கோயில், சுவாமி எண்டு நிண்டிருப்பியள். அழுதிருப்பியள். எனக்கு அதைத் தாங்க ஏலாது."

சுவாமியிடம் நான் போய்க் கேட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இனி அதைச் சொல்வது பிச்சை கேட்பதுபோல் இருக்கும் என்று பட்டது. திரும்பிப் போகப் பார்த்தேன். பின்னால் அந்தத் தாய், அவவுக்குப் பின்னால் முதுகுப்பைகளோடு ஒரு குடும்பம். விலகிப் போகலாம் என்று பலகையை விட்டுக் காலை வைத்தேன். பாசி முழங்கால் வரை விழுங்கியது. ஐஸ்போல் தண்ணீர். பெடியன் ஓடிவந்து பலகையில் குப்புறப் படுத்து, என் காலைப் பிடித்துச் சப்பாத்தோடு இழுத்தெடுத்தான். "பயப்பட வேண்டாம், மாமி" என்றான், தமிழில்.

மாமி. அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லும்வரை அவனைப் பழக்கியிருக்கிறாள். அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது.

கார் நின்ற இடத்துக்குப் போகவேண்டுமென்றால் அந்தப் பலகைகளின் மேல்தான் போகவேண்டும். மிச்ச வழி முழுக்க, சேறு காய்ந்து இறுகிய காலோடு, என் பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நான் திரும்பி வந்து இறங்கியபோது ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் கணவர் காரோடு நின்றார். மோட்டர்வேயில் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சிப்பட்ட முகமாக அது இல்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்." பக்கத்து லேனுக்கு மாறிவிட்டு மிச்சத்தைச் சொன்னார். "அவள் என்னைக் கூப்பிட்டவள். நீர் இல்லாமல் நான் எப்பிடிப் போறது எண்டு போகேல்ல."

போகாமல் விட்டதை எனக்குச் செய்த நன்மையாகத்தான் இவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்காக என் எதிரே இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். லீவு இல்லையென்ற கதையும் அன்றைக்குத்தான் விளங்கியது. இரண்டு பேருமாகச் சேர்ந்து நான் என்ன சொல்வேன், எப்படி அழுவேன் என்று தீர்மானித்து, அதற்குத் தக்கபடி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். நான் உண்மையில் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு நடக்கிற தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, குட்மேய்ஸில் இருக்கிற ஒரு அக்கா என்னைப் பிடித்தா. கனடாவில் ஒரு மாப்பிள்ளை, நல்ல குடும்பம், மகளின் படம் ஒன்று தரட்டாம். இவர் எனக்குப் பக்கத்தில் நின்று, அவளுக்கு இப்போது வேலை கூட, பிறகு பார்ப்போம் என்று சமாளிக்கத் தொடங்கினார்.

"அவள் கலியாணம் முடிச்சிட்டாள் அக்கா, ஏப்ரலில" என்றேன்.

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"எனக்கும்தான் சொல்லேல்ல."

சுற்றி நின்ற பெண்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். இவர் காரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அக்கா என் கையைப் பிடித்தா. நான் இழுத்துக்கொண்டேன்.

செய்தி மகளின் காதுக்குப் போக நாளெடுக்கவில்லை. ஊருக்கு முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்று போனில் அழுதாள். உண்மையைத்தான் சொன்னேன் என்றேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறாள். அங்கே குளிரா, இங்கே மழையா, என்ன சமைத்தது என்று கதைக்கிறோம். பனி விழுந்த பிறகு அந்தக் காடு இன்னும் வடிவாம், வரச்சொல்லிக் கேட்கிறாள். முழங்கால் நோகிறது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அதை நம்பவில்லை. ஆனால் ஏன் என்று திருப்பிக் கேட்கவும் இல்லை.