என் கையில் அவள் அடித்துக் காட்டிய மிஷின்கள்

எனக்குக் காது மந்தம். மில்லில் தறி ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் என் மனைவி டைப் கற்றுக்கொள்ளப் போன நாட்களில், எந்த மிஷின் என்ன சத்தம் போடும் என்று அவள் ஆசையாகச் சொன்னாலும் எனக்குச் சரியாக விளங்காது. அவள் விடமாட்டாள்.

"காதுதானே போச்சி, கை இருக்குது இல்ல? நீட்டுங்க."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்கையை இழுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொள்வாள். பத்து விரலையும் அதன்மேல் வரிசையாக ஊன்றி அடித்துக் காட்டுவாள்.

"இது கறுப்பு மிஷின். பாதி தூரம் லேசாப் போவும். அங்க ஒரு சின்ன முட்டு. அதைத் தாண்டினா டக்குனு விழும். தெரியுதா?"

"இது பச்சை. எடுத்த எடுப்புலயே கல்லு மாதிரி இருக்கும். தொப்புத் தொப்புன்னு கதவைச் சாத்துற சத்தம். இதுல ஒரு மணி நேரம் அடிச்சா ராவெல்லாம் விரல் நுனி எரியும்."

மூன்றாவது ஒன்று வகுப்பின் மூலையில் கிடந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், பத்திரம் எழுதிப் பதிகிற ஏதோ நொத்தேர் ஆபீஸில் இருந்த பிரெஞ்சு மிஷின். எழுத்துகள் வேறு வரிசையில் இருந்ததால் அதில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. வகுப்பு முடிந்ததும் இவள் மட்டும் போய் ஆசைக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவாள்.

"இட்லி மாவுல விரலை வெச்ச மாதிரி போவுதுங்க. நாம எடுக்கறதுக்கு முன்னால அதுவே விரலைத் தூக்கி விட்டுடுது. சத்தம்கூட நாசூக்குதான். பழைய பிரெஞ்சுக்கார முசேங்க கைக்குட்டைய வெச்சிக்கினு இருமுற மாதிரி."

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்குது."

"உங்களுக்கு அம்மன் கோயில் பொங்கலும் ரேஷன் அரிசிக் கஞ்சியும்கூட ஒண்ணுதான்" என்று கிள்ளுவாள்.

சொன்னேனே தவிர, போகப் போக எனக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால், அவள் அடிப்பது கறுப்பா பச்சையா பிரெஞ்சா என்று சொல்லிவிடுவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதுதான் எங்கள் விளையாட்டு.

மில் அடிக்கடி மூடிக் கிடந்த காலம் அது. நான் ஐந்தாவதோடு நின்றவன், அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். டைப்பில் லோயர் பரீட்சை பாஸ் செய்தால் ஏதாவது ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆகலாம் என்பது அவள் கனவு. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போய் அதையேதான் இருவரும் வேண்டிக்கொள்வோம்.

பரீட்சைக்குப் பணம் கட்டிய பிறகுதான் டைப் மாஸ்டர் அவளைக் கேலி செய்ய ஆரம்பித்தார். "ஏம்மா, உன் இடது சுண்டுவிரலுக்கு இன்னா, லீவா? வேலைக்கு வரவே மாட்டேங்குதே?" இங்கிலீஷ் ஏ என்ற எழுத்தை அந்த விரலால்தான் அடிக்க வேண்டுமாம். இவள் தாளில் மற்ற எழுத்தெல்லாம் கருகருவென்று இருக்க, ஏ மட்டும் வெளிறிப்போய் இருந்தது. மிஷின் கோளாறு என்று மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்தார்கள். மிஷினை மாற்றிக் கொடுத்தார்கள். பச்சை மிஷினிலும் ஏ வெளிறித்தான் விழுந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் என் கைமேல் அடித்தாள். கண்ணை மூடியிருந்த எனக்கு ஏதோ குறைவதாகப் பட்டது.

"சுண்டுவிரலை வைக்கலையா?"

"வெச்சித்தான் அடிக்கிறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். விரல் என் கைமேல்தான் இருந்தது. மற்ற விரல்களோடு எழுந்தது, மற்ற விரல்களோடு விழுந்தது. ஆனால் ஒரு ஈ உட்கார்ந்த கனம்கூட அதில் இல்லை.

"அழுத்தி அடி."

"அழுத்தித்தாங்க அடிக்கிறேன்" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவள் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே வெளுப்பாக ஒரு படை இருந்தது. தேமல் என்று நினைத்து நாங்கள் கோயில் திருநீற்றைப் பூசிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொன்னார்.

"பஞ்சால தொடுவேன். தொட்டா சொல்லணும்."

அவள் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா சுண்டுவிரலில் பஞ்சை வைத்தார். பக்கத்து விரலில் வைத்தார். உள்ளங்கையின் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். மறுபடி சுண்டுவிரலுக்கு வந்தார். நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைபோல அவள் கவனமாகக் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"இன்னும் ஆரம்பிக்கலீங்களாம்மா?"

தாயே, அந்தக் கேள்வியை எந்தப் புருஷன் காதும் கேட்கக் கூடாது. என் மந்தக் காதுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது.

தொழுநோய் என்று சொன்னார்கள். மாத்திரை இருக்கிறது, பல வருஷம் சாப்பிட வேண்டும், உயிருக்கு ஒன்றும் ஆகாது, போன உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அவளே போய் மாஸ்டரிடம் சொன்னாள். மறைக்கத் தெரியாதவள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் ஒண்ணும் நெனைக்கலம்மா. மத்த பொண்ணுங்க வீட்ல தெரிஞ்சா நான் இன்ஸ்டிடியூட்டையே மூடணும்."

"நீங்க சொல்றது சரிதாங்க சார்" என்றாள்.

நாங்கள் மாடியிலிருந்து பாதிப் படி இறங்குவதற்குள் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. அவள் திரும்பி இரண்டு படி ஏறிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் துணியை நனைத்துக் கறுப்பு மிஷினின் எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏ-வை எதுக்குத் தொடைக்கிறாரு? அதை நான் தொட்டதே இல்லியே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. என் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே அழுதாள்.

அன்று வீட்டில் நானாகவே கையை நீட்டினேன். அவள் தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அந்தத் தட்டு தனியாகவே இருந்தது. அவள் விரல்கள் என் கைமேல் பிறகு வரவே இல்லை.

எண்பதுகளில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நோய் போய்விட்டது. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. நெருப்பு சுட்டாலும் அவளுக்குத் தெரியாது, அதனால் தினமும் யாராவது அந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விளக்கேற்றியதும் நான் பார்ப்பேன். அதற்கு மட்டும் கையைக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு முகத்தைச் சாமி படத்தின் பக்கம் திருப்பிக்கொள்வாள். மடங்கிய விரலை மெல்லப் பிரித்துக் கொப்புளம் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன்.

"விட்டுட்டீங்களா?" என்று கேட்பாள்.

"இல்ல. இன்னும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"சரி" என்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அந்த விரலை விடமாட்டேன். அவளுக்கு அது தெரியாது.