ரெண்டு ரெண்டாய் இருந்த சிடிகள்

கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தோமே, அன்றைக்கு நான் உங்கள் ரெண்டு பேரோடும் சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்கு என்ன கோபம் என்று நினைத்திருப்பீர்கள். வாயால் சொல்லப் போனால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

பரணில் இருந்தது வேறொன்றும் இல்லை, பாட்டு சிடிகள். பிஸ்கட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, எலி கடிக்காமல் இருக்க உங்கம்மா தன் பழைய சேலையால் சுற்றிக் கட்டி வைத்தது. அவள் போய் மூணு வருஷம் ஆகிறது. அந்த முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை. மகன்தான் அவிழ்த்தான்.

“அப்பா, இதைப் போடுற பிளேயரே செத்துப் போச்சு. பெறகு எதுக்கு இது?” என்றான்.

“இருந்துட்டுப் போகட்டுமேலே,” என்றேன்.

அவன் கேட்கவில்லை. தெருவில் போன பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டான். அவர் ஒரு சிடியை எடுத்து அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். “அண்ணாச்சி, அட்டைப்பெட்டியை எடுத்துக்கிடுதேன். தட்டை நீங்களே வச்சுக்கிடுங்க. சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்,” என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். சிடி எல்லாம் தரையில் கிடந்தது. மகள் பெருக்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

“எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கேப்பா. ஒண்ணு தொலைஞ்சா ஒண்ணுன்னு வாங்குனீங்களா?”

அப்போதுதான் உங்களிடம் முதல்தடவையாக அந்தக் கதையைச் சொன்னேன்.

நான் தோணியில் போய்க்கொண்டிருந்த காலம். வெங்காயமும் காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவோம். போவதற்கு ஆகிற நாள் கொஞ்சம். அங்கே சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் காத்துக் கிடப்பதுதான் அதிகம். தோணி கிளம்புவதற்கு முன்னால் உங்கம்மாவும் நானும் பழைய துறைமுகத்துப் பக்கம் இருந்த சிடிக் கடைக்குப் போவோம். பாட்டைச் சொன்னால் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து சிடியில் ஏற்றித் தருவார். முதல் பாட்டு எது என்று அவள்தான் சொல்லுவாள். அதில் நான் தலையிடக் கூடாது. மிச்சப் பாட்டுக்கெல்லாம் கடையிலேயே சண்டை நடக்கும். “சோகப் பாட்டாப் பொறுக்காதிய. கடல்ல உக்காந்து அழுவதுக்கா?” என்பாள். ஒரே மாதிரி ரெண்டு சிடி வாங்குவோம். ஒன்று தோணிக்கு, ஒன்று வீட்டுக்கு.

எங்களுக்குள்ளே பேச்சு இதுதான். கோயில் மணி அடித்து, ஜெபமாலை சொல்லி முடித்து, ஏழு மணிக்கு அவள் இங்கே முதல் பாட்டைப் போடுவாள். அதே ஏழு மணிக்கு நான் தோணியில் போடுவேன். செல்போன் வந்துவிட்ட காலம்தான். ஆனால் நடுக்கடலில் சிக்னல் ஏது? கரையில் இருந்தும் நினைத்தபோதெல்லாம் பேச முடியாது. அந்த ஒரு பாட்டு ஓடுகிற நேரம் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

தோணியில் எல்லாருக்கும் இது தெரியும். தோணியை நடத்துகிற தண்டலே கத்துவார். “ஏலே, மணி ஏழாச்சு. உம் பொண்டாட்டி வந்து நிக்கா. பாட்டைப் போடுலே!” எஞ்சின் சத்தத்தில் பாட்டு பாதிதான் கேட்கும். சமையல் செய்கிறவர் குழம்பைக் கிண்டிக்கொண்டே, “வாங்க தங்கச்சி, சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று கடலைப் பார்த்துக் கும்பிடு போடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் பாட்டு ஓடுகிற நேரம் நம்ம வீட்டு நடுவறையும், சிவப்புத் தரையும், உங்கம்மா ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் போடுகிறதும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். பாட்டு முடிந்தால் தண்ணீர்தான்.

நான் சொல்லி முடித்ததும் மகன் யோசித்துவிட்டுக் கேட்டான். “அப்பா, மாலத்தீவுல நேரம் நமக்கு அரைமணி பின்னாலல்லா? தோணிக் கடிகாரத்தை மாத்துவீங்களா?”

“துறைமுகத்துக்குள்ள போனதும் தண்டல் திருப்பி வச்சிருவாரு. அங்கன உள்ள ஆபீஸ்காரங்க அவங்க நேரத்துக்குத்தானே வருவாங்க?”

“அப்ப நீங்க அங்கன ஏழுன்னு போட்டப்ப இங்க ஏழரைப்பா. அம்மா பாட்டை முடிச்சுட்டு அடுப்படியில இட்லி ஊத்திக்கிட்டு இருந்திருப்பா!” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கடலில் இருக்கிறவரை நம்ம நேரம், கரையைப் பிடித்தால் அவர்கள் நேரம். தண்டல் கடிகார முள்ளைத் திருப்பும்போது எத்தனையோ தடவை பக்கத்திலேயே நின்றவன் நான். முள் ஏழில் நின்றால் ஏழு என்றுதான் இருந்தேன். அப்படியானால் துறைமுகத்தில் காத்துக் கிடந்த அத்தனை சாயங்காலமும் நான் பாட்டைப் போட்டபோது அந்த நடுவறையில் யாரும் இல்லை. அவள் போட்டபோது நான் மேல்தட்டில் துணி அலசிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவள் இல்லாத வீட்டில் இந்த மூணு வருஷமும் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஏழு மணியைத்தான். அதுவும் கையைவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதனால்தான், “எல்லாத்தையும் கொண்டுபோய் எங்கயாவது போடுலே,” என்று சத்தம் போட்டேன். மகனே, அது உன்மேல் உள்ள கோபம் இல்லை.

“சித்திக்குக் குடுத்துருவோம்,” என்றாள் மகள். “காக்கா விரட்டணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா.”

மறுநாள் மூணு பேரும் கல்யாணப் பத்திரிகை வைக்க தருவைகுளத்துக்குப் போனோம். உங்க சித்தி மணலில் வலையை விரித்து அதன்மேல் கருவாடு காயப்போட்டிருந்தாள். கம்புக்குக் கம்பு கயிறு கட்டி அதில் சிடியைத் தொங்கவிட்டால், வெயிலில் மின்னுகிற மின்னலுக்குக் காக்கா கிட்டே வராதாம்.

“ஏன் அத்தான், இம்புட்டு நாளா இதையா பூட்டி வச்சிருந்திய? எத்தனை காக்காய்க்குச் சாளைக் கருவாடு விருந்து வச்சிருக்கேன் தெரியுமா?” என்று பையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

நான் நூல் கோத்துக் கொடுக்க, மகள் கட்டினாள். எது என்னுடையது, எது உங்கம்மாவுடையது என்று அப்போது கண்டுபிடிக்க முடிந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் என்னுடையதில் உப்புக்காற்று அரித்து ஊசி குத்தின மாதிரிப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தது. அவளுடையதில் என் முகம் தெரிந்தது.

மகள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சித்தியிடம் சொன்னாள். “இதுல உள்ள முதல் பாட்டை எங்க கேட்டாலும் எனக்குக் கணக்குப் பரீட்சைதான் ஞாபகம் வரும். ஜெபமாலை முடிஞ்சதும் அம்மா ஒருதரம் போடுவா. சரி, முடிஞ்சுதுன்னு புஸ்தகத்தை விரிப்பேன். அரைமணி நேரங் கழிச்சு மறுபடியும் அதையே போடுவா! ஏம்மா உயிரை வாங்குதன்னு கேட்டா, ‘சும்மா கெட ஏளா. உங்கப்பா கடல்ல நிக்காரோ கரையில நிக்காரோ, யாருக்குத் தெரியும்’னு சொல்லுவா. எனக்கு ஒண்ணும்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“தினமுமா?” என்று கேட்டேன்.

“நீங்க இல்லாத நாளெல்லாம்ப்பா.”

மாலத்தீவிலிருந்து நான் போன் பண்ணினால் உங்கம்மா எடுத்ததுமே, “அங்க இப்ப மணி என்ன?” என்று கேட்பாள். “இதைக் கேக்கவா போனை எடுத்த? புள்ளைங்க எப்படி இருக்குன்னு சொல்லு,” என்பேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அரைமணி நேரம் தள்ளிப் போட்டுக்கிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன். சொல்லவில்லை. என்னுடைய ஏழு மணியை அப்படியே விட்டுவிட்டு, ரெண்டு ஏழுக்கும் அவள் வந்து நின்றிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும் போல அப்படி ஒரு ஆசை வந்தது. கேட்க ஆள் இல்லை.

“அப்பா, ஒரு ஜோடியையாவது எடுத்துட்டுப் போவமா?” மகன் குரல் இறங்கியிருந்தது.

“வேண்டாம்லே. சித்தி கயித்துலயே கெடக்கட்டும்,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பொழுது சாய்ந்ததும் சித்தி கருவாட்டை அள்ளி மூடினாள். நீங்கள் வீட்டுக்குள் போய்விட்டீர்கள். நான் கயிற்றுக்குக் கீழே மணலில் உட்கார்ந்திருந்தேன். கடல்காற்றுக்கு அவளுடையதும் என்னுடையதும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருந்தன. மின்னுவதற்கு வெயில் இல்லை. சத்தம் மட்டும்தான்.

சித்தி வாசலில் நின்று கூப்பிட்டாள். “அத்தான், காக்காவே வீட்டுக்குப் போயிட்டு. மணி ஏழாச்சு. காப்பி ஆறுது, எந்திரிங்க.”

“நீ போம்மா. இன்னும் ஒரு அரைமணி நேரம் இருந்துட்டு வாரேன்,” என்றேன்.